உப்பளத்து வெயில்: ஆய்வு, சட்டம், நிவாரணம்



இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவுக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் வெயில். வெயிலைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று தோன்றலாம். நிழலில் இருப்பவருக்கு அது வானிலைச் செய்தி. உப்பளத்தில் நிற்பவருக்கு அதுவே வேலையிடம். அந்த வேலையிடத்தில் உடம்புக்கு என்ன நேர்கிறது, அதை ஆய்வு எப்படி அளக்கிறது, அளந்ததைச் சட்டமும் நிவாரணமும் ஏன் கண்டுகொள்வதில்லை என்பதை இங்கே விளக்க முயல்கிறோம்.

தூத்துக்குடியை முத்துநகர் என்கிறார்கள். அந்த முத்துக் காலத்தில் அரசு எப்படிக் கணக்கெடுத்தது என்பதை முதலில் பார்ப்போம். சலாபம் அறிவிப்பதற்கு முன் முத்துப் பார்களைச் சோதிப்பார்கள். குளியாளைக் கடலில் இறக்கிச் சிப்பி எடுத்து எண்ணுவார்கள். மாதிரிச் சிப்பிகளைத் திறந்து முத்தை மதிப்பிடுவார்கள். வருமானம் தேறும் என்று தெரிந்த பிறகே சலாபம் நடக்கும். 1961க்குப் பிறகு இங்கே சலாபம் நடக்கவில்லை. ஆனால் பாடம் நிற்கிறது: வருவாய் வரும் இடத்தில் கடலடியில் கிடக்கும் சிப்பியைக்கூட அரசால் எண்ண முடிந்தது. கரையில், எல்லோர் கண்முன்னும் உப்பு வாரும் ஆணும் பெண்ணும் எந்தக் கணக்கில் இருக்கிறார்கள்?

இந்தியாவில் உப்பு உற்பத்தியில் குஜராத் முதலிடம். தமிழ்நாட்டு உப்பின் பெரும்பகுதி தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து வருகிறது. ஆண்டின் தொடக்கத்தில் பாத்தி மிதித்துச் சீர்செய்வதில் ஆரம்பித்து, வடகிழக்குப் பருவமழை இறங்கும்வரை வேலை நடக்கும். விடியுமுன் அளத்தில் இறங்குகிறார்கள். வெயில் ஏற ஏற உப்பின் வெண்மை கண்ணைக் கூசவைக்கும். காலடியில் கொதிக்கும் உப்புநீர், தலைக்கு மேல் மறைப்பில்லாத வானம். இந்தக் கூலிகளில் கணிசமானோர் தலித்துகள், அவர்களிலும் பெண்கள் அதிகம். இந்த வாழ்க்கையை முதலில் பதிவு செய்தது இலக்கியம்தான். ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ 1979இல் வந்தது. தூத்துக்குடி மண்ணிலிருந்தே எழுதிய ஸ்ரீதர கணேசன் ‘உப்பு வயல்’ தந்தார். மருத்துவ அளவீடு வருவதற்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

அந்த அளவீடு 2023இல் வெளியானது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த வித்யா வேணுகோபாலும் அவருடைய குழுவினரும் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைச் சோதித்தார்கள். ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான வெப்ப வரம்பைத் தாண்டிய சூழலில் உழைத்துக்கொண்டிருந்தார்கள். 7 சதவீதத்தினருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது.

7 சதவீதம் சிறிய எண்ணாகத் தெரியலாம். ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். வேலையிடத்தில் எடுக்கும் ஆய்வு அன்றைக்கு வேலைக்கு வந்தவரையே பார்க்கிறது. உடம்பு முடியாமல் வீட்டோடு முடங்கியவர் அதில் வரமாட்டார். ஆகவே இத்தகைய எண்கள் பெரும்பாலும் உண்மையான பாதிப்பைவிடக் குறைவாகவே சொல்லும்.

வெயிலுக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன தொடர்பு? மண்பானைத் தண்ணீர் குளிர்வது ஈரம் ஆவியாவதால். நம் உடம்பும் வியர்வை ஆவியாவதால்தான் குளிர்கிறது. கடலோரக் காற்றில் ஈரப்பதம் அதிகம். வியர்வை வழியும், ஆனால் ஆவியாகாது. உடம்புக்குள் சூடு தங்கிவிடும், நீரும் உப்பும் வெளியேறும். இரத்தத்தில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ஓட்டமும் குறைகிறது. ஒருநாள் என்றால் தேறிவிடும். ஆண்டுக்கு ஒன்பது மாதம், இருபது ஆண்டு என்றால் தேய்மானம் நிலைத்துவிடும். அளத்தில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். தாகத்தை அடக்குவதும் சிறுநீரை அடக்குவதும் சேர்ந்து நோய்த்தொற்றில் கொண்டுபோய் விடுகின்றன. இங்கே நோய்க்குக் காரணம் சூரியன் மட்டும் இல்லை. கட்டப்படாத கழிப்பறையும் காரணம்.

சட்டம் என்ன சொல்கிறது? உப்பளம் வெறும் திறந்தவெளி, அது தொழிற்சாலை ஆகுமா என்ற கேள்வி உச்சநீதிமன்றம் வரை போனது. 1961இல் அர்தேசிர் பிவண்டிவாலா எதிர் பம்பாய் அரசு வழக்கில், கடல்நீரை உப்பாக்குவது உற்பத்தியே, கட்டடம் இல்லாத நிலமும் தொழிற்சாலை வளாகமே என்று தீர்ப்பு வந்தது. அதன்படி, போதிய தொழிலாளர்கள் உள்ள உப்பளத்துக்கு 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் பொருந்தும். குடிநீர் 18ஆம் பிரிவில், கழிப்பறை 19ஆம் பிரிவில் கட்டாயம். ஆனால் வெப்பம் பற்றிய 13ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு ‘பணி அறை’யிலும் தக்க வெப்பநிலை காக்க வேண்டும் என்கிறது. உப்பளத்தில் ஏது அறை? நிலத்தைத் தொழிற்சாலையாக ஏற்ற சட்டம், அந்த நிலத்தில் காயும் உடம்பை அறைக்குள் தேடியது.

2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் 2020ஆம் ஆண்டுத் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலை என்று கொள்வதற்கான ஆள் எண்ணிக்கை, மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10லிருந்து 20 ஆகவும், பயன்படுத்தாத இடத்தில் 20லிருந்து 40 ஆகவும் உயர்ந்துவிட்டது. நலன் பற்றிய பொதுவான பிரிவுகளுக்கும் பத்துப் பேர் தேவை. சில ஏக்கரில் நாலைந்து பேரை வைத்து உப்பு எடுக்கும் அளம் வெளியே நின்றுவிடும். அதே தொகுப்பின் 23ஆம் பிரிவில் வெப்பநிலை, ஈரப்பதம் பற்றி விதி வகுக்கும் அதிகாரமும் இருக்கிறது. இந்தக் கதவைத் தட்ட வேண்டியது நம் வேலை.

அடுத்து, பேரிடர் சட்டம். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அப்போது ஒன்றிய அரசின் பேரிடர் பட்டியலில் வெப்ப அலை இல்லை. ஆகவே இது வரவேற்க வேண்டிய முடிவு. வெப்ப அலையால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றும் அறிவித்தார்கள். ஆனால் வெப்ப அலை என்று எதைச் சொல்கிறோம்? கடலோரத்தில் வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும், இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும் என்பது இந்திய வானிலைத் துறையின் அளவுகோல். 35 டிகிரியும் கடும் ஈரப்பதமும் உள்ள நாள் இந்த அளவுகோலில் சாதாரண நாள். ஆய்வாளர்கள் காற்றின் சூடு, ஈரப்பதம், வெயிலின் நேரடித் தாக்கம், காற்றோட்டம் ஆகியவற்றைச் சேர்த்து ஒரே எண்ணாக அளக்கிறார்கள். அந்த அளவில் உப்பளத்தின் ‘சாதாரண நாள்’ ஆபத்தான நாள். வெயிலில் சுருண்டு விழுந்து இறந்தால் நிவாரணத்துக்கு வழி உண்டு. இருபது ஆண்டு காய்ந்து சிறுநீரகம் பழுதானால் அது பேரிடர் இல்லை, அவருடைய விதி என்று எழுதப்படும்.

மழையிலும் இதே கதைதான். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டது. தட்டுமேட்டில் குவித்திருந்த உப்பு கரைந்தது, பாத்திகளில் சேறு படிந்தது. உப்பு கரைந்தால் அளத்துக்காரருக்கு இத்தனை டன் நட்டம் என்று கணக்குச் சொல்ல முடியும். பாத்தி சீராகும்வரை கூலி இழந்தவர் எந்தச் சீட்டைக் காட்டுவார்? 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினக் கரையில் பல மனித உரிமை அமைப்புகள் இதையே பதிவு செய்தன. படகும் வலையும் இழந்தவர் பட்டியலுக்குள் வந்தார்கள். மீன் சுமந்தும் உப்பளத்தில் உழைத்தும் பிழைத்த தலித் குடும்பங்கள் பட்டியலுக்கு வெளியே நின்றன. உடைமையை அளக்கும் நிவாரணம், உடைமை மறுக்கப்பட்ட சாதியைத் தானாகவே விலக்கிவிடுகிறது. அதற்கு எந்த அதிகாரியும் சாதிவெறி கொண்டவராக இருக்கத் தேவையில்லை, படிவமே போதும்.

உப்பளத் தொழிலாளர்கள் கேட்டுப் பெற்ற ஒன்றும் உண்டு. மீனவர்களுக்கு இருப்பதுபோல வேலையில்லாத மாதங்களுக்கு நிவாரணம் வேண்டும் என்ற கோரிக்கை ஏற்கப்பட்டு, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலத்துக்கு 5,000 ரூபாய் தரும் திட்டம் வந்தது. 92 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 54 ரூபாய். தொகை போதாது. ஆனால் உப்பளத் தொழிலாளர் என்று ஒரு பட்டியல் அரசின் கையில் உருவாகிறதே, அது பெரிய விஷயம். அடுத்த கோரிக்கைகளுக்கு அந்தப் பட்டியலே அடித்தளம்.

வழி இல்லாமல் இல்லை. நிகரகுவா, எல்சால்வதோர் நாடுகளில் கரும்பு வெட்டும் தொழிலாளர்கள் சிறுநீரக நோயால் மாண்டார்கள். தண்ணீர், ஓய்வு, நிழல் மூன்றையும் முறைப்படி கொடுத்த இடங்களில் சிறுநீரகப் பாதிப்பு குறைந்ததை ஆய்வுகள் காட்டின. நம் ஊர் இளைஞர்கள் கூலிக்குப் போகும் கத்தாரில், 2021 முதல் அந்தக் கூட்டு வெப்ப அளவு 32.1ஐத் தாண்டினால் வெளிவேலையை நிறுத்த வேண்டும் என்பது சட்டம். கோடையில் காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை வெளிவேலைக்குத் தடையும் இருக்கிறது. அங்கே அதை முழுதாக நடைமுறைப்படுத்துகிறார்களா என்பது வேறு கேள்வி. அப்படி ஒரு எண்ணைச் சட்டத்தில் எழுத முடியும் என்பது தெளிவாகிவிட்டது.

பாபாசாகேப் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். தொழிற்சாலையில் வாரம் 48 மணி நேரம் என்ற வரம்பு அக்காலத்தில்தான் சட்டமானது. களைப்பு என்பது எல்லோரும் அறிந்த உணர்வு. அதை எண்ணாக்கி, எண்ணைச் சட்டமாக்கினால்தான் முதலாளியைக் கட்டுப்படுத்தும். வெயிலுக்கும் நாம் அதையே கேட்கிறோம்.

நம் மாணவர்கள் செய்யக்கூடியவை உண்டு. தங்கள் ஊர் அளங்களில் எத்தனை பேர், எத்தனை கழிப்பறை, குடிநீர் எங்கே, நிழல் எங்கே என்று எழுதி வையுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் தொழிலாளர் துறையிடம் ஆய்வு விவரங்களைக் கேளுங்கள். நிவாரணப் பட்டியலில் விடுபட்டவர் பெயரைச் சேர்க்க உதவுங்கள். ஆய்வாளர் யார் வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: வேலையை விட்டுப் போனவரையும் சோதிப்பீர்களா? சாதியையும் பாலினத்தையும் பதிவீர்களா? முடிவைத் தொழிலாளரிடம் தமிழில் சொல்வீர்களா?

கடலடியில் கிடந்த சிப்பியை எண்ணிய அரசுக்குக் கரையில் நிற்கும் மனிதரை எண்ணத் தெரியாமல் இல்லை. எண்ண வைக்க வேண்டும். அதற்கான கணக்கை நாமே எடுக்கத் தொடங்குவோம்.