உளநோய் தீர்ப்போர்க்குரிய உயர்கல்வி

உடற்பிணி தீர்க்கும் மருத்துவன் உறுப்புக்களின் இயல்பை உடலை அறுத்துப் பார்த்துக் கற்கின்றான். உள்ளத்தை அவ்வாறு அறுத்துப் பார்த்தல் இயலாது. ஆகவே, உளநோய் தீர்க்க முற்படுவோர்க்கு எத்தகைய கல்வி வேண்டும் என்னும் வினா எழுகின்றது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இவ்வினாவுக்குக் கண்ட விடை ஆராயத்தக்கது.

லைப்சிக் நகரில் வூண்ட் என்னும் அறிஞரிடம் பயின்ற லைற்னர் விற்மர், 1896இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் உளவியற் சிகிச்சை நிலையமொன்றைத் தொடக்கினார். அங்கு முதலில் வந்தவன் எழுத்துக்கூட்டி எழுத இடர்ப்பட்ட ஒரு மாணவன். அவனை அங்கு சேர்ப்பித்தவர் அவனுடைய ஆசிரியை. ஆய்வுகூடத்து அறிவு ஒரு சிறுவனின் இடரைத் தீர்க்குமா என்பதே அன்று எழுந்த வினா. மருத்துவ உளவியல் இவ்வாறு பிறந்தது.

இரண்டாம் உலகப்போரின்பின் உளச்சிகிச்சை வேண்டிய படைவீரர் பலராயினர். 1946இல் அமெரிக்க அரசு பல்கலைக்கழகங்களுடன் சேர்ந்து பயிற்சித் திட்டமொன்றை ஆரம்பித்தது. 1949இல் கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரில் கூடிய அறிஞர், கலாநிதிப் பட்டம் பெறுவோர் ஆராய்ச்சியும் சிகிச்சையும் ஒருங்கே பயிலல் வேண்டும் எனத் துணிந்தனர். ஆய்வேடு எழுதுதலும் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியும் இதனால் இன்றியமையாதனவாயின. நோயாளர் சிலர் காலப்போக்கில் தாமாகவே தேறுவர். அதனைத் தம் சிகிச்சையின் பயனென மயங்காது, சிகிச்சை பெறாதாரோடு ஒப்பிட்டு உண்மை காணும் பழக்கத்தை ஆராய்ச்சியே அளிக்கும்.

1951இல் நோர்த்வெஸ்ரேண் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த மாநாடு உளவளத்துணைக்குரிய கல்வியை வகுத்தது. மருத்துவ உளவியல் பெரிதும் நோயை நோக்க, உளவளத்துணை கல்வி, தொழில், குடும்பம் என்பவற்றில் மயங்கி நிற்போரின் ஆற்றலை நோக்கிற்று. இன்று இவ்விரண்டின் எல்லைகளும் பல இடங்களில் ஒன்றோடொன்று கலந்துள்ளன.

எனினும் நூலறிவு மாத்திரம் போதாது. காள் றொஜேர்ஸ் என்பார் சிகிச்சை உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து, 1942இல் வெளியிட்ட நூலில் ஒருவரின் எட்டு அமர்வுகளைச் சொல்லுக்குச் சொல் அச்சிட்டார். மூடிய அறையுள் நிகழ்ந்தது அதனாற் கற்போர்க்குப் புலனாயிற்று. தன் குரலைத் தானே கேட்கும் மாணவன், எதிரில் இருப்பவர் சொல்லி முடிக்குமுன் அறிவுரை கூற விரைந்த இடத்தை உணர்கின்றான். மேற்பார்வை செய்யும் ஆசிரியர் அவ்விடத்தைச் சுட்டித் திருத்துகின்றார். அனுபவமற்ற மாணவனிடம் துன்புற்றோரை ஒப்படைத்தற்கு இம்மேற்பார்வையே காப்பு.

ஆராய்ச்சிச் சுமை சிகிச்சைப் பயிற்சியைக் குறைக்கின்றது எனக் கருதியோரும் உளர். 1968இல் இலினோய்ப் பல்கலைக்கழகம் தொழிற்பயிற்சியை முதன்மையாகக் கொண்ட உளவியற் கலாநிதி நெறியை ஆரம்பித்தது. 1973இல் கொலராடோவிற் கூடிய மற்றொரு மாநாடு அதனை ஏற்றது. இவ்விரு நெறிகளும் இன்றும் நிலவுகின்றன. எந்நெறியிற் பயிலினும், பிறர் துயரைப் பொறுமையோடு கேட்டலும் தன் முடிபுகளைத் தானே ஐயுற்று ஆராய்தலும் ஒருவனிடத்து ஒருங்கே அமைதல் வேண்டும். கேட்கும் பண்பின்றேல் கல்வி பயனற்றது. ஐயுறும் பண்பின்றேல் இரக்கமும் தீங்காய் முடியும்.