கரியமிலவாயு எரிபொருளாகுமா?

நிலக்கரி எரியுங்கால் தன் ஆற்றலை வெப்பமாக ஈந்து கரியமிலவாயுவாகிறது. ஆற்றல் இழந்த அவ்வாயுவை மீண்டும் எரிபொருளாக்க இயலுமா? இயலும் என 1902ஆம் ஆண்டிலேயே காட்டினர் பிரெஞ்சு வேதியியலார் சபாத்தியேயும் சாந்தெரானும். நிக்கலை வினையூக்கியாகக் கொண்டு, அவ்வாயுவுடன் ஹைட்ரஜனைச் சேர்த்து மீத்தேன் உண்டாக்கினர்.

1994இல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஓலா, பெட்ரோலுக்கு மாற்று மெத்தனாலே என வலியுறுத்தினார். அவர் பெயர் தாங்கிய ஆலை 2012இல் ஐஸ்லாந்தில் எழுந்தது. புவிவெப்ப மின்நிலையம் வெளிவிட்ட கரியமிலவாயுவும், மின்சாரத்தால் நீரைப் பகுத்துப் பெற்ற ஹைட்ரஜனும் அங்கே மெத்தனாலாயின. நம் தூத்துக்குடியிலும் 2016இல் ஓர் ஆலை, கொதிகலன் புகையிலிருந்து அவ்வாயுவைப் பிரித்துச் சோடா சாம்பல் செய்யலாயிற்று. கண்ணாடித் தொழிலுக்கு இன்றியமையாத பொருள் அது.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. இவ்வெரிபொருளின் ஆற்றல் ஹைட்ரஜன் தந்ததே. அந்த ஹைட்ரஜனை நிலக்கரி மின்சாரத்தால் பெற்றால், பயன்கொள்ளும் வாயுவினும் வெளிவிடும் வாயுவே மிகும். மெத்தனால் எரிந்தாலும் அவ்வாயு மீண்டும் காற்றில் கலக்கும். ஆதலின் கதிரவனும் காற்றும் புவிவெப்பமும் தரும் மின்சாரமே இம்முயற்சிக்கு முதற்பொருள். அஃதின்றேல், நிலக்கரியை மேலும் எரிப்பதற்கு இது வெறும் சாக்காகவே முடியும்.