மணல் போடாத சாண்ட்பிளாஸ்டிங்

காற்றால் துகளை வீசித் துருவை உரிக்க வீட்டுக் கராஜில் சாண்ட்பிளாஸ்டிங் பெட்டி வைக்கிறீர்களா? அதில் ஆற்று மணலை மட்டும் போடாதீர்கள். மோதி உடையும் மணலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா தூசி கிளம்பும். நுரையீரலில் அது உண்டாக்கும் சிலிக்கோசிஸைக் குணப்படுத்த மருந்தில்லை. 1870இல் அமெரிக்கரான பெஞ்சமின் டில்க்மன் காப்புரிமை பெற்றது என்னவோ மணலை வீசும் முறைக்குத்தான்! இன்று மணலுக்குப் பதிலாக அலுமினியம் ஆக்சைடு, கண்ணாடி மணிகள் இருக்கின்றன.

பெட்டிக்குள் துகள் எப்படி மேலேறுகிறது? துகளை வீசும் துப்பாக்கிக்குள் காற்று சீறிப் பாயுமிடத்தில் அழுத்தம் குறைகிறது; அடியில் கிடக்கும் துகளைக் குழாய் உறிஞ்சிக்கொள்கிறது. காற்றைத் தரும் கம்ப்ரசர் சிறியதானால் இங்கேதான் திணறும். அழுத்தம் இருக்கும், தொடர்ந்து தரக் காற்று இருக்காது. அழுத்திய காற்று ஆறும்போது நீர் கோத்து, துகள் கட்டிதட்டி அடைத்தும்கொள்ளும். நீர்பிரிப்பான், தூசி உறிஞ்சி, சுவாசக் கவசம் மூன்றையும் வாங்கிவிட்டுப் பெட்டியை வாங்குங்கள்.