4 நாள், 4 ஓட்டம், ஒரே விடுமுறை: பதிவு செய்யும் முன் இருவரும் பேசவேண்டியது என்ன?

விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே, "அங்க ஏதாவது ஓட்டம் இருக்கா?" என்று கைத்தொலைபேசியில் தேடுபவரா நீங்கள்? அல்லது அப்படித் தேடுபவரின் கணவரா, மனைவியா, காதலரா? இரண்டில் எதுவாக இருந்தாலும் தொடர்ந்து படியுங்கள்.

ஒருநாள் ஓட்டம் என்றால் பெரிய சிக்கல் இல்லை. விடியற்காலையில் ஓடி முடித்து, பசியாறிவிட்டு, பிற்பகலில் ஊர் சுற்றக் கிளம்பிவிடலாம். அடுத்தடுத்து 2, 3, 4 நாள் ஓடும் 'சவால்' ஓட்டங்கள் அப்படியல்ல. ஓடுவது ஒருவராக இருந்தாலும், தூங்கும் நேரம், சாப்பிடும் நேரம், வெளியே போகும் நேரம் எல்லாமே இருவருக்கும் மாறிவிடும்.

ஜொகூரில் இருந்துகொண்டு இப்படியொரு பயணத்துக்குத் திட்டமிடுகிறவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

பல நாள் சவால் என்றால் என்ன?

விடுமுறையையும் ஓட்டத்தையும் சேர்த்துவைக்கும் சவால்களில் உலகம் முழுக்கத் தெரிந்தது டோப்பி சேலஞ்ச். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஓர்லாண்டோ அருகே இருக்கும் வால்ட் டிஸ்னி வோர்ல்டில் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் நடக்கிறது.

வியாழக்கிழமை 5 கிலோமீட்டர். வெள்ளிக்கிழமை 10 கிலோமீட்டர். சனிக்கிழமை 21.1 கிலோமீட்டர் அரை மராத்தான். ஞாயிற்றுக்கிழமை 42.2 கிலோமீட்டர் முழு மராத்தான். கூட்டிப் பார்த்தால் 78 கிலோமீட்டருக்கும் சற்று அதிகம்.

சனியும் ஞாயிறும் மட்டும் ஓடும் கூஃபி சேலஞ்ச் 2006-இல் தொடங்கியது. நான்கு நாள் டோப்பி 2014-இல் வந்தது.

விதிமுறையில் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, வேகம். ஒரு மைலை 16 நிமிடத்துக்குள் கடக்க வேண்டும். நம் கணக்கில் கிலோமீட்டருக்குச் சுமார் 10 நிமிடம். அதைவிடப் பின்தங்கினால் வண்டியில் ஏற்றிவிடுவார்கள். இரண்டு, நான்கில் ஒரு நாள் தவறினாலும் சவாலுக்கான பதக்கம் கிடையாது. ஓடி முடித்த நாள்களின் பதக்கம் மட்டும் உங்களுக்கு.

சஹாரா பாலைவனத்தில் 1986 முதல் நடக்கும் மராத்தான் டெ சாப்ளும் பல நாள் ஓட்டம்தான். அதில் சுமார் 250 கிலோமீட்டரைப் பல கட்டங்களாக, சாப்பாட்டையும் முதுகில் சுமந்துகொண்டு ஓட வேண்டும். அதை விடுமுறை என்று சொல்லித் துணையை அழைத்துப்போவது கொஞ்சம் கஷ்டம்!

நம் ஊர்ப் பக்கம் வருவோம். கோலாலம்பூர் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் மராத்தான் அண்மை ஆண்டுகளில் சனி, ஞாயிறு என இரண்டு நாளாக நடந்திருக்கிறது. குறைந்த தூர ஓட்டங்கள் முதல்நாள், அரை மராத்தானும் முழு மராத்தானும் மறுநாள். இரண்டு நாளும் ஓடினால் அதுவே ஒரு குட்டிச் சவால்.

ஜொகூரிலும் ஓட்டத்துக்காக வந்து விடுமுறையைக் கழிக்கும் இடம் உண்டு. டெசாரு கடற்கரையில் நடக்கும் அயர்ன்மேன் 70.3 போட்டி ஒரே நாளில் முடிந்துவிடும் என்றாலும், 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம் என மொத்தம் 113 கிலோமீட்டர்.

தூரம் மட்டுமா பிரச்சினை?

இல்லை. 78 கிலோமீட்டரை நான்காகப் பிரித்தால் சுலபம் என்று தோன்றும். உடம்பு அப்படிக் கணக்குப் போடுவதில்லை.

நீண்ட தூரம் ஓடும்போது தசைகளில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து இருப்பு கரைகிறது. நன்றாகச் சாப்பிட்டாலும் அது மீண்டும் நிரம்பச் சுமார் ஒரு நாள் ஆகும். தசைவலியோ ஓடிய அன்று அவ்வளவாகத் தெரியாது. ஒன்று முதல் மூன்று நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். அதாவது, வியாழக்கிழமை உற்சாகத்தில் வேகமாக ஓடிய 5 கிலோமீட்டருக்கான விலையை ஞாயிற்றுக்கிழமை 30-ஆவது கிலோமீட்டரில் கொடுப்பீர்கள். முதல் இரண்டு நாளும் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம் போதும்.

தூக்கம் அதைவிடப் பெரிய பிரச்சினை. டோப்பியின் ஓட்டங்கள் விடியற்காலை 5 மணிவாக்கில் தொடங்குகின்றன. அதற்கு 2, 3 மணிக்கே எழுந்திருக்க வேண்டும். அப்படியென்றால் இரவு 7, 8 மணிக்கே படுக்கையில் இருக்க வேண்டும். வாணவேடிக்கை தொடங்கும் நேரம், நல்ல உணவகத்தில் இடம் கிடைக்கும் நேரம் எல்லாம் அதுதான். ஒருநாள் என்றால் துணை பொறுத்துக்கொள்வார். நான்கு நாளும் என்றால்?

நடையையும் கணக்கில் சேருங்கள். பெரிய கேளிக்கைப் பூங்காவை நாள் முழுக்கச் சுற்றினால் 10 கிலோமீட்டருக்கு மேல் நடப்பது சாதாரணம். சனிக்கிழமை அரை மராத்தானை முடித்துவிட்டு மாலைவரை பூங்காவில் வரிசை பிடித்து நின்றால், மறுநாள் மராத்தானைப் பாதி முடித்த கால்களோடு தொடங்குவீர்கள்.

ஜொகூரிலிருந்து போகிறவருக்கு என்ன வேறுபாடு?

முதலில் நேரம். ஜனவரியில் ஓர்லாண்டோவுக்கும் நமக்கும் 13 மணிநேர வித்தியாசம். அங்கே விடியற்காலை 5 மணி என்றால் இங்கே மாலை 6 மணி.

இதில் ஒரு நன்மையும் உண்டு. போய்ச் சேர்ந்த புதிதில், விடியற்காலை ஓட்டம் உங்கள் உடம்புக்கு மாலைநேர ஓட்டம் போலத்தான் இருக்கும். எழுந்திருப்பது அவ்வளவு சிரமமாக இருக்காது. ஆனால் அங்கே இரவு 7 மணிக்குப் படுத்தால், உடம்பு அதைக் காலை 8 மணி என்று நினைக்கும். தூக்கம் வராது. உடம்புக் கடிகாரம் நாளுக்குச் சுமார் ஒரு மணிநேரம்தான் நகரும் என்பதால் ஒரு வாரத்தில் முழுமையாகப் பழகவும் முடியாது. எனவே பகலில் ஒரு தூக்கத்தைத் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள். அந்த நேரத்தில் துணை என்ன செய்வார் என்பதையும் சேர்த்தே யோசியுங்கள்.

அடுத்தது வானிலை. ஜொகூர் பூமத்திய ரேகைக்கு மிக அருகில் இருக்கிறது. விடியற்காலையிலும் புழுக்கம் குறையாது. காற்றில் ஈரப்பதம் அதிகம் இருப்பதால் வியர்வை எளிதில் ஆவியாகாது. வியர்வை ஆவியானால்தானே உடம்பு குளிரும்? ஓர்லாண்டோவில் ஜனவரி விடியற்காலை 10 பாகை செல்சியஸ்வரை குறைவது சாதாரணம். சில நாள்களில் அதற்கும் கீழே இறங்கும். ஓடுவதற்கு அது வசதிதான். ஆனால் தொடக்கக் கோட்டில் இருட்டில் நீண்ட நேரம் காத்திருக்க வேண்டும். அதற்கு ஒரு பழைய சட்டையையும் கையுறையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எதிர்த்திசையில், குளிர்நாட்டிலிருந்து உறவினரோ நண்பரோ ஜொகூருக்கு ஓட வந்தால், நம் வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள்வரை ஆகும் என்று சொல்லிவையுங்கள்.

மூன்றாவது, மழை. ஜனவரி ஓட்டத்துக்கான கடும்பயிற்சி நவம்பர், டிசம்பரில் வரும். அது வடகிழக்குப் பருவமழைக் காலம். இடி மின்னல் இருக்கும்போது வெளியே ஓடாதீர்கள். அன்றைய பயிற்சியை உடற்பயிற்சிக்கூடத்துக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஒருநாள் பயிற்சி தவறினால் ஒன்றும் ஆகிவிடாது.

ஒத்திகை பார்ப்பது எப்படி?

ஜொகூரில் வாரயிறுதி 2014 முதல் வெள்ளி, சனியாக இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் மீண்டும் சனி, ஞாயிறுக்கு மாறியது. ஒருவர் ஜொகூர் பாருவிலும் மற்றவர் கடற்பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூரிலும் வேலை செய்யும் தம்பதிகளுக்கு இதன் அருமை தெரியும். இருவருக்கும் ஒரே இரண்டு நாள் ஓய்வு. பல நாள் ஓட்டத்துக்கான பயிற்சிக்கும் அதுதான் தேவை.

சனிக்கிழமை நடுத்தரத் தூரம், ஞாயிற்றுக்கிழமை நீண்ட தூரம் என்று அடுத்தடுத்து ஓடிப் பழகுங்கள். களைத்த கால்களோடு ஓடுவது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரியும். சூரியன் இங்கே 7 மணிவாக்கில்தான் உதிக்கிறது. 1982-இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணிநேரம் முன்னே நகர்த்தியதும் அதற்கு ஒரு காரணம். எனவே 5 மணிக்குக் கிளம்பினால் வெயில் இருக்காது, வெளிச்சமும் இருக்காது. பளிச்சென்ற சட்டையும் சிறு விளக்கும் அவசியம்.

பயணத்துக்கு 6, 7 வாரத்துக்கு முன் ஒரு நீண்ட வாரயிறுதியில் இருவருமாக டெசாருவுக்குப் போய்ப் பாருங்கள். சினாய்-டெசாரு விரைவுச்சாலையில் எளிதாகப் போய்விடலாம். மூன்று நாள் தங்கி 5, 10, 18 கிலோமீட்டர் என்று ஓடிப்பாருங்கள். இந்த ஒத்திகை கால்களுக்கு மட்டுமல்ல. இரவு 8 மணிக்கு அறையில் விளக்கை அணைத்தால் இருவருக்கும் எப்படி இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

எப்போது நிறுத்த வேண்டும்?

பல நாள் ஓட்டத்தில் முக்கியமான கேள்வி இதுதான். நேற்றைய களைப்பும் வெப்பமும் இன்றைக்கும் உடம்பில் இருக்கும். முந்தைய நாள் வெயிலில் சோர்ந்துபோனவருக்கு மறுநாள் ஆபத்து கூடுதல்.

வெப்பத் தாக்கம்: உடம்பின் உள்வெப்பம் 40 பாகையைத் தாண்டி, பேச்சு குழறினாலோ, குழப்பம் வந்தாலோ, தள்ளாடினாலோ அது உயிருக்கு ஆபத்து. வியர்வை வந்துகொண்டிருந்தாலும் ஆபத்து ஆபத்துதான். உடனே அவசர உதவியை அழையுங்கள், மலேசியாவில் என்றால் 999. அவர்கள் வரும்வரை காத்திருக்காமல் குளிர்ந்த நீரில் உடம்பைக் குளிர்வியுங்கள்.

அளவுக்கு மீறிய தண்ணீர்: "நிறைய தண்ணி குடி" என்பது எப்போதும் நல்ல ஆலோசனை அல்ல. 2002 பாஸ்டன் மராத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது, 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் அளவு குறைந்திருந்தது. ஓடும்போது எடை கூடும் அளவுக்குக் குடித்தவர்களுக்கு அந்த அபாயம் அதிகம். தாகத்துக்குக் குடியுங்கள், போதும்.

வலிநிவாரணி: மூன்றாம் நாள் கால் வலிக்கும்போது ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடத் தோன்றும். உடம்பில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில் அது சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். சிறுநீர் தே ஓ நிறத்துக்கு மாறினால் ஓட்டத்தை விடுங்கள், மருத்துவமனைக்குப் போங்கள்.

இத்தனையும் தெரிந்திருந்தும் ஏன் பலர் நிறுத்துவதில்லை? பணம் கட்டியாயிற்று. பெரும்பாலும் அது திரும்பக் கிடைக்காது. விமான டிக்கெட், ஹோட்டல், விடுப்பு எல்லாம் போட்டாயிற்று. மூன்று பதக்கம் கையில் இருக்கிறது, இன்னும் ஒன்றுதான் பாக்கி. "இவ்வளவு செலவு பண்ணி வந்துட்டோம், எப்படியாவது ஓடிடலாம்" என்றுதான் மனம் சொல்லும். அந்த நிலையில் இருப்பவர் தன்னைப் பற்றிச் சரியாக முடிவெடுப்பது கடினம். வெப்பத்தில் குழம்பிப்போனவரால் முடியவே முடியாது.

எனவே இருவரும் பேசுங்கள்

பதிவுக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே இந்த ஐந்து கேள்விகளுக்கும் பதில் வேண்டும்.

1. இருவரும் ஓடுகிறோமா, ஒருவர் மட்டுமா? துணைக்கு விருப்பமிருந்தால் 5 கிலோமீட்டருக்கு மட்டும் சேர்ந்து ஓடலாம். விருப்பமில்லாதவரை இழுக்க வேண்டாம்.

2. விடியற்காலை 3 மணிக்குத் துணையும் எழுந்து வர வேண்டுமா? நான்கு நாளும் வேண்டாம். மராத்தான் அன்று மட்டும் வந்தால் போதும் என்றால், அதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

3. ஓட்டமே பேசாத நாள்கள் எத்தனை? சவால் முடிந்த பிறகு குறைந்தது இரண்டு நாளாவது ஒதுக்குங்கள். அந்த நாள்களில் எங்கே போவது என்பதை ஓடாதவர் முடிவுசெய்யட்டும்.

4. கூடுதல் செலவு எவ்வளவு? பதிவுக் கட்டணம், காலணி, கூடுதல் ஹோட்டல் இரவுகள் எல்லாவற்றையும் எழுதிப் பாருங்கள்.

5. "போதும்" என்று யார் சொல்வது? அப்படிச் சொன்னால் மற்றவர் வாதாடாமல் கேட்க வேண்டும்.

ஐந்தாவதுதான் முக்கியம். ஒவ்வொரு நாள் மாலையும் துணை மூன்றே விஷயத்தைக் கேட்கட்டும்: சாப்பிட்டாயா, தூங்கினாயா, நேராக நடக்க முடிகிறதா? நொண்டிக்கொண்டு வருபவர் "எனக்கு ஒன்னும் இல்ல" என்று சொல்லலாம். ஆனால் நடையைப் பார்ப்பவருக்கு உண்மை தெரிந்துவிடும்.

டோப்பி அடுத்த ஜனவரியிலும் வரும். கோலாலம்பூரிலும் டெசாருவிலும் வேறு போட்டிகள் இருக்கும். "போதும், வா" என்று சொல்லும் உரிமையைக் கிளம்பும் முன்பே துணையிடம் கொடுத்துவிடுங்கள். அவர் அதைப் பயன்படுத்தவே தேவையில்லாமல் போகலாம். பயன்படுத்தினால், ஒரு பதக்கம் குறையும், அவ்வளவுதான்.