பழைய பில்லில் புது விலை! டேபிள்களை வடிவமைப்பது எப்படி?

சித்தப்பாவின் மளிகைக் கடைக்கு எம்.எஸ். அக்சஸில் ஒரு பில்லிங் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். 2025 செப்டம்பர் 22 அன்று குளியல் சோப்பின் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ரூ.118-க்கு விற்ற சோப்பு பேக்கின் விலையை அவர் ரூ.105 என மாற்றினார். சில நாட்கள் கழித்து, மாதக் கணக்கில் வாங்கும் வாடிக்கையாளர் ஒருவர் ஆகஸ்ட் பில்லின் நகலைக் கேட்டார். 10 பேக்குக்கு அவர் கொடுத்தது ரூ.1,180. நகலில் வந்ததோ ரூ.1,050! "அதிகமாக வாங்கி விட்டீர்களே" என்று அவர் கேட்க, சித்தப்பா தலைகுனிந்து நின்றார். தவறு என்னுடையது.

பெயர், விலை, வரி எல்லாவற்றையும் ஒரே டேபிளில் வைத்திருந்தேன். பில்லில் இருந்தது பொருள் எண்ணும் எண்ணிக்கையும் மட்டுமே. எனவே எந்த பில்லை அச்சிட்டாலும் இன்றைய விலையே வந்தது.

1970-ல் ரிலேஷனல் மாடலை வெளியிட்ட ஐ.பி.எம். விஞ்ஞானி எட்கர் காட், நார்மலைசேஷன் முறைக்கும் வழிகாட்டினார். ஒரு விவரத்தை ஒரே இடத்தில் வைக்க வேண்டும் என்பதே இதன் சாரம். அதன்படி டேபிள்களை இப்படிப் பிரிக்கலாம்.

1. பொருள்: பொருள் எண், பெயர், வரிப் பிரிவு.
2. விலை: பொருள் எண், அமலாகும் தேதி, விலை. முதல் இரண்டு ஃபீல்டுகளும் சேர்ந்ததே பிரைமரி கீ.
3. வரி: வரிப் பிரிவு, அமலாகும் தேதி, சதவீதம். முதல் இரண்டும் சேர்ந்து பிரைமரி கீ.
4. பில்: பில் எண், தேதி, வாடிக்கையாளர் எண்.
5. பில் விவரம்: பில் எண், பொருள் எண், எண்ணிக்கை, விற்ற விலை, விற்ற நாளின் வரி.

விலை மாறும்போது பழைய ரெக்கார்டைத் திருத்தாதீர்கள். புதிய தேதியுடன் இன்னொரு ரெக்கார்டு சேருங்கள். பில் போடும்போது, பில் தேதியன்றோ அதற்கு முன்போ அமலான விலைகளில் கடைசியானதைக் குவெரி மூலம் எடுத்து, பில் விவரத்தில் பதிய வேண்டும். நாளை அமலாகும் விலையை இன்றே ஏற்றி வைக்கவும் இது உதவும். விலை ஃபீல்டுக்கு டபுளுக்குப் பதில் கரன்சி டேட்டா டைப்பைத் தேர்ந்தெடுங்கள். பைசா கணக்கு பிசகாது.

விலையை இரண்டு டேபிள்களில் வைப்பது நார்மலைசேஷனுக்கு எதிரானது அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. கடையின் விலை வேறு, அன்று விற்ற விலை வேறு. முன்னது மாறும்; பின்னது நடந்து முடிந்தது, மாறவே கூடாது.

உங்கள் புரோகிராமில் ஒரு பொருளின் விலையை மாற்றிவிட்டு, போன மாத பில் ஒன்றை அச்சிட்டுப் பாருங்கள். தொகை மாறினால், இன்றே டேபிள்களைப் பிரித்து விடுங்கள்.