தொன்மமும் புதினமும் : ‘மின்னல் திருடன்’ காட்டும் பாடம்

முன்னுரை

ஒரு நாட்டின் தொன்மங்கள் அந்நாட்டின் எல்லைக்குள் அடங்கிவிடுவன அல்ல. கிரேக்கத்தில் தோன்றிய கதைகள் உரோமாபுரியில் வேறு பெயர் பூண்டன. பின்னர் ஐரோப்பிய இலக்கியம் முழுவதிலும் பரவின. அவை நம் காலத்து அமெரிக்க இளையோர் இலக்கியத்தில் புத்துயிர் பெற்ற வகையினை ஈண்டுக் காண்போம். நாம் எடுத்துக்கொண்ட நூல், ரிக் ரியோர்டான் எழுதி 2005 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தி லைட்னிங் தீஃப்’ என்னும் ஆங்கிலப் புதினமாகும். அதனை ‘மின்னல் திருடன்’ எனத் தமிழில் வழங்கலாம்.

நூல் பிறந்த கதை

ரியோர்டான் நடுநிலைப் பள்ளிகளில் ஆங்கிலமும் வரலாறும் கற்பித்த ஆசிரியர். அவருடைய மகனுக்கு ‘டிஸ்லெக்சியா’ எனப்படும் எழுத்தறிதல் இடர்ப்பாடும், ஓரிடத்தில் கவனம் நிலைக்காத இயல்பும் இருந்தன. பள்ளியை வெறுத்த அச்சிறுவனுக்குக் கிரேக்கக் கதைகள் மட்டும் பிடித்திருந்தன. தந்தை இரவுதோறும் அவற்றைச் சொல்லிவந்தார். தெரிந்த கதைகள் தீர்ந்தபின், புதிதாக ஒன்றைப் புனைந்து சொல்லுமாறு மகன் வேண்டினான். அவ்வாறு பிறந்தவனே பெர்சி ஜாக்சன்.

கதையும் தொன்மமும்

பெர்சி பன்னிரண்டு வயதுச் சிறுவன். ஆண்டுக்கொரு பள்ளியிலிருந்து வெளியேற்றப்படுபவன். அவன், கடலுக்குரிய பொசைடன் என்னும் கிரேக்கத் தெய்வத்திற்கும் மானிடத் தாய்க்கும் பிறந்தவன் என்பது தெரியவருகிறது. வானத்திற்குரிய சீயஸின் மின்னற்படை களவுபோகப் பழி இவன்மீது விழுகிறது. அதனை மீட்க அன்னபெத், குரோவர் என்னும் இருவருடன் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வரை பயணம் மேற்கொள்கிறான். கிரேக்கர் கூறிய ஒலிம்பஸ், எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 600 ஆவது மாடியாகிறது. ஹோமரின் ‘ஒடிசி’யில் ஊர் திரும்பும் எண்ணத்தையே மறக்கச் செய்யும் தாமரைக் கனி, இங்கே நேரத்தை மறக்கச் செய்யும் லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதியாகிறது.

2010 முதல் 2014 வரை வெளிவந்த இரண்டாவது வரிசையில் ஆசிரியர் உரோமையும் இணைத்தார். கிரேக்கரின் ஏரீஸ், உரோமரிடம் மார்ஸ் ஆனான். முன்னவன் வெறுக்கப்பட்ட போர்வெறியன். பின்னவனோ உரோமரின் மூதாதை எனப் போற்றப்பட்டவன். பெயரோடு மதிப்பும் மாறியதைக் கதைப்போக்கிலேயே விளங்க வைக்கிறார்.

குறையும் நிறையும்

புதினத்தின் உயிர்நிலை வேறோரிடத்தில் உள்ளது. பெர்சிக்கும் எழுத்துகள் தாளில் நிலைகொள்வதில்லை. அவன் உள்ளம் பண்டைய கிரேக்க மொழிக்கென அமைந்தது என்பது கதை கூறும் காரணம். ஓரிடத்தில் அமரவொட்டாத துடிப்போ போர்க்களத்தில் அவனைக் காக்கும் விழிப்பு. இவை கற்பனையே, மருத்துவ உண்மைகள் அல்ல. ஆயினும், தன் மகனைப் போன்ற பிள்ளையைக் கதைத்தலைவனாக்கி, ‘நீ அறிவில்லாதவன் அல்லை’ என்று சொல்ல அத்தந்தை கண்ட வழி இதுவே.

பெர்சியின் திறனை முதலில் உணர்பவர் அவனுடைய இலத்தீன் ஆசிரியர். அவரே தொன்மத்தில் அக்கிலீஸுக்குக் கற்பித்த கைரன். மறுபுறம், மின்னலைத் திருடியவன் யார்? லூக் என்னும் சிறந்த வாள்வீரன். தந்தையால் புறக்கணிக்கப்பட்ட மனக்கசப்பே அவனைத் திசைமாற்றியது. இருவரும் ஒரே முகாமில் பயின்றவர்கள்.

ஓர் ஐயம்

பல தெய்வக் கதைகளை நம் பிள்ளைகள் படிக்கலாமா எனப் பெரியோர் வினவக்கூடும். கவலை நியாயமானதே. இந்நூலில் கைரன், இத்தெய்வங்கள் வேறு, முழுமுதல் இறைவன் வேறு எனப் பிரித்துரைக்கிறார். இவ்வாசிரியரின் ‘மேக்னஸ் சேஸ்’ வரிசையில் வரும் சமீரா, ஹிஜாப் அணிந்த முஸ்லிம் பெண். வடபுலத் தெய்வங்களிடையே இருந்தும் ஏக இறைக் கொள்கையில் வழுவாதவள். ரமலான் நோன்பு நோற்பவள். கதையைக் கதையாகவே படிக்கப் பழகியவருக்கு இந்நூல்கள் ஊறு செய்யா என்பது நம் கருத்து.

முடிவுரை

முன்பு நம் வகுப்பில் ஒரு மாணவர் இருந்தார். மேடையேறினால் அவை அடங்கும். விடைத்தாளிலோ எழுத்துகள் முன்பின்னாக மாறிக் கிடக்கும். கவனமின்மை எனக் கடிந்தோம், மதிப்பெண்ணைக் குறைத்தோம். எழுத்துகள் உமக்கு எவ்வாறு தெரிகின்றன என ஒருமுறையேனும் நாம் கேட்டதில்லை. அவர் படிப்பை இடையிலேயே விட்டுச் சென்றார். இப்புதினத்தைப் படித்த பின்னரே நம் பிழை நமக்கு விளங்கிற்று.

பிள்ளைகள் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். திணறும் பிள்ளையைக் கடியுமுன் அவனருகே அமர்ந்து காரணம் கேட்போம். தேவையெனில் தக்க வல்லுநரிடம் அழைத்துச் செல்வோம். ஓர் இரவுக் கதையேனும் சொல்வோம்.