பூனையும் கீரைப் பாத்தியும்

கள்ளக்குறிச்சியிலோ கல்வராயன் மலையடிவாரத்திலோ கொல்லையில் கீரை விதைப்பவர்களுக்குப் பூனையோடு ஓயாத வழக்கு. கொத்திப் பொடியாக்கிய மண்ணைக் கண்டால், பறித்து மலங்கழித்து மூட அதற்கு அதைவிட நல்ல இடம் வேறில்லை.

விதை நாசமாவதோடு விஷயம் முடிவதில்லை. 1908-ல் கண்டறியப்பட்ட டாக்ஸோப்ளாஸ்மா என்னும் கிருமி பூனை மலத்தால் மண்ணில் சேரக்கூடும். கர்ப்பிணிக்குப் புதிதாகத் தொற்றினால் கருவிலுள்ள சிசுவையும் தாக்கும்.

அதற்காகப் பூனைக்கு விஷம் வைப்பது தர்மமன்று. எலியை ஒடுக்குவதும் அதுவே அன்றோ? விதைத்தவுடன் பாத்திமேல் முட்கிளைகளை நெருக்கமாகப் பரப்புவோம். இடுக்குகளில் முளை எழும்பும். மண்ணை ஈரமாக வைத்து, ஒதுக்குப்புறத்தில் உலர்ந்த மணலைக் குவித்துவிட்டால் பூனை அங்கே நாடும். அங்குள்ள மலத்தை அன்றாடம் அகற்றுவது அவசியம். ஒரு நாளேனும் கழிந்த பின்னரே கிருமி தொற்றும் வன்மை பெறும். இப்பணியைக் கர்ப்பிணிகளுக்கு விடலாகாது. கீரையை நன்கு அலசி, வேகவைத்தே உண்போமாக.